கலப்பத்து அடித்த ஷெட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கார் சும்மா நிற்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லாரும், "நீங்களே எடுத்துக்கிட்டுப் போகலாமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போகலாம். ஓட்டத் தெரிந்தால் விமானத்தைக்கூட எடுத்துக்கொண்டு போகலாம். என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருக்கிறது. அதில் ஹார்பர் பக்கம் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீசுக்குப் போகிறேன், மீன் வாங்கப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறேன். எனக்கும் என் நாத்தனாருக்கும் அது தாராளம். இப்படி இருக்கிற வீட்டில், வருஷத்தில் சில மாதம் மட்டும் தரையில் இருக்கும் ஒரு மனிதர் ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் வேலை. ஏறினால் எட்டொன்பது மாதம் கழித்துத்தான் இறங்குவார். இறங்கியிருந்த ஒரு விடுமுறையில் மில்லர்புரத்தில் யாரோ ஒருவர் விற்ற பழைய வெள்ளைக் கார் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பெட்ரோல் வண்டி. எங்கள் கல்யாணத்தைவிட ஒன்றிரண்டு வயது சின்னது, அவ்வளவுதான்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"நான் வந்தா ஓட்டுததுக்கு."

"நீங்க போனா?"

"போனா நிக்கும். என்ன, சோறா கேக்கப் போவுது?"

சோறு கேட்கவில்லைதான். வேறு எல்லாம் கேட்டது.

எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே காற்று என்றால் உப்பு என்று அர்த்தம். ஜன்னல் கம்பி தானாகவே கழன்று விழும். புதிதாக வாங்கிய பூட்டு ஒரு மழைக்காலம் முடிவதற்குள் திறக்காது. அங்கே ஒரு காரை ஒன்பது மாதம் வெளியில் நிறுத்தினால் திரும்பி வரும்போது ஸ்டியரிங் மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் கப்பலேறுவதற்கு முன்னால் அவர் அதற்கு ஒரு ஷெட் கட்டினார்.

கட்டினார் என்றால், சாதாரண ஷெட் இல்லை. உடைத்துப் போட்ட பழைய சரக்குத் தோணி ஒன்றின் பலகைகளை வாங்கி வந்து சுவர் எழுப்பினார். அவருடைய சித்தப்பாமார் தோணிக்குக் கலப்பத்து அடித்தவர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்களே, தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராமல், அதுதான் கலப்பத்து. இவர் சின்ன வயதில் அவர்கள் கூட நின்று பழகியிருக்கிறார். ஊரில் எல்லாரும் காருக்கு ஒரு உறை வாங்கி மாட்டுவார்கள். என் வீட்டுக்காரர் கார் ஷெட்டுக்குக் கலப்பத்து அடித்தார். சுவருக்கு மட்டுமா? கூரைத் தகடு சுவரில் வந்து உட்காரும் இடம், கதவின் ஓரம், கீழ்ப்படி, எல்லாவற்றுக்கும். கதவு சாத்தினால் மாலத்தீவு வரைக்கும் மிதந்து போகும், அப்படி ஒரு ஷெட்.

முடித்த அன்றைக்கு என்னையும் நாத்தனாரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நட்ட நடுப் பகல். உள்ளே கும்மிருட்டு.

"ஒரு பொட்டு வெளிச்சம் வருதா பாரு" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. தோணிக்குள்ளே இறங்கி அப்படித்தான் பார்ப்பார்களாம். வெளிச்சம் வராத இடத்தில் தண்ணீரும் வராது.

"வெளிச்சம் வரல. மூச்சும் வரல. கதவைத் திறங்க" என்றேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பூட்டிய இடம் ஆகாது. நாத்தனார் இருட்டிலேயே சிரித்தாள்.

பிறகு காருக்கு வேண்டியதைச் செய்தார். டயர் தரையில் அழுந்தாமல் நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கினார். கீழே தவழ்ந்து கிரீஸ் தடவினார். எலி வயரைக் கடிக்காமல் இருக்க எஞ்சினுக்குள் புகையிலைக் கட்டு வைத்தார். எங்களுக்கு இரண்டு உத்தரவு போட்டார். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். ஷெட் கதவைத் திறந்தே போடக் கூடாது, இல்லாவிட்டால் உப்புக்காற்று உள்ளே வந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான உத்தரவு.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டிலேயே தையல். நானும் அவளும் ஒரு கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருக்கிறோம், சண்டை போடாத நாள் இல்லை, பேசாத நாளும் இல்லை. நான் நாசரேத் பக்கம். அப்பா வாத்தியார். வேத பாடமும் கணக்கும்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அவள் கடற்கரைப் பிள்ளை. நாங்கள் புராட்டஸ்டன்ட், அவர்கள் கத்தோலிக்கம்; நான் ஆராதனை என்றால் அவள் பூசை என்பாள். நான் சமையலறை என்றால் அவள் குசினி என்பாள். நான் எதையும் நம்ப மாட்டேன், அவள் எல்லாவற்றையும் நம்புவாள். பல்லி சொல்வது, இடது கண் துடிப்பது எல்லாம் அவளுக்குச் செய்தி. "நீ ஒருத்தி போதும்ளா, நமக்குப் பேப்பர் வேண்டாம்" என்று நான் சொல்வேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே காரில் உட்கார்ந்து சாவி போட்டது அவள்தான். நான் வெளியே கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். "சாத்துங்க மதினி, உப்புக்காத்து வருதுல்லா" என்பாள். "வரட்டும். அந்த நாத்தத்தை அடைச்சு வச்சுக்கிட்டு யாரு நிக்கது" என்பேன். எனக்குப் பெட்ரோல் நாற்றம் பிடிக்காது, விஷயம் அவ்வளவுதான். ஆபத்து என்று நான் நினைத்ததே இல்லை. அவளும் நினைத்ததில்லை. மதினி மூக்கு நீளம் என்று மட்டும் நினைத்திருப்பாள்.

ஒன்றிரண்டு மாதத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. எலி புகையிலையை மதிக்கவில்லை. ஒரு நாள் சீட்டுக்கு அடியில் பாம்புச்சட்டை கிடந்தது. அன்றைக்கு இராத்திரி அவளிடம் சொன்னேன், அவரிடம் பேசி வண்டியைத் தள்ளிவிடுவோம், வந்தால் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும் என்று. தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"அது மட்டும் செய்யாதீங்க மதினி."

"ஏன்?"

அப்போதுதான் அவளுடைய அப்பாவின் மொபெட்டைப் பற்றிச் சொன்னாள். என் மாமனார் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தவர், திரும்பாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். மொபெட் கதை தெரியாது. அவர் கடலுக்குப் போனால் மொபெட் வீட்டு முன்னால் நிற்குமாம். தோணி வந்துவிட்டது என்று ஆள் சொன்னதும் மகன் அதைத் தள்ளிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவான், அப்பா அதில் ஏறி வீட்டுக்கு வருவார். கடைசித் தடவை அவர் போயிருந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், சும்மா நின்று துருப்பிடிக்கிறதே என்று அதைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அந்த மாமா ஓட்டிக்கொண்டு போகும்போது இவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அப்பா வந்தா எதுல வருவாரு" என்று கேட்டுக்கொண்டே தெருமுனை வரை இழுபட்டுப் போயிருக்கிறாள். அந்த வாரமே தோணியைப் பற்றிச் செய்தி வந்துவிட்டது.

"அதுல இருந்து எங்க வீட்டுல கடலுக்குப் போனவன் வண்டியை யாரும் தொட மாட்டோம்" என்றாள். "குடுக்கவும் மாட்டோம், நின்னுபோவவும் விட மாட்டோம். அண்ணனும் அதுக்காவத்தான் சொல்லிட்டுப் போயிருக்கான். பேட்டரிக்காவன்னு நினைச்சியளோ?"

நான் நாசரேத் வாத்தியார் மகள். தோணி கவிழ்ந்ததற்கும் மொபெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் விளக்கமாகக் கேட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை. விற்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பயம் வந்தது.

ஒரு சாயங்காலம் அவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். கப்பல் செங்கடல் வழியாகப் போகிறது என்றார். அந்த வழியில் கப்பல்களைத் தாக்குகிற காலம் அது. பல கம்பெனிகள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் கம்பெனி சுற்றவில்லை.

"சில நாள் போன் இருக்காது. நெட்டை நிப்பாட்டிருவாங்க. நீ பாட்டுக்கு இரு" என்றார்.

"நீங்க இறங்கிருங்களேன்."

"பஸ்ஸா இறங்க?"

சிரித்தார். அவருடைய சிரிப்பு எனக்குத் தெரியும். அது அவர் சிரிப்பு இல்லை.

என் வேலை சரக்குக் கப்பல்களின் தாள்களைத் தயார் செய்வது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாக நகர்வதைப் பார்க்கலாம். வழக்கமாக நான் அதில் எங்கள் சரக்கு எங்கே வருகிறது என்று பார்ப்பேன். இப்போது வேலையை விட்டுவிட்டு அவருடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் வந்து திறந்தால் புள்ளி இல்லை. ஆபத்தான இடத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்க அவர்களே அதை அணைத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?  சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணியவள் தினமும் பண்ண ஆரம்பித்தாள். காலையில் நான் குளிக்கப் போகும்போது ஷெட்டிலிருந்து அந்த உறுமல் கேட்கும். அது கேட்டால்தான் அவள் முகம் தெளியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் காது அங்கேதான் இருந்தது. தினமும் ஒரு நிமிஷம் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அதுவும் நடந்தது. ஒரு காலை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றது. மறுபடியும் டிக் டிக். அப்புறம் அதுவும் இல்லை. அவள் கை சாவியிலேயே இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"பேட்டரிளா. பேட்டரி எறங்கிட்டு. மெக்கானிக்கை வரச் சொல்லுதேன்" என்றேன்.

"அண்ணனுக்கு என்னமோ ஆயிட்டு மதினி."

"வாயைக் கழுவு."

அப்படி அதட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.  இந்தப் பைத்தியக்காரி பேச்சை நான் கேட்கிறேனா என்று எனக்கு என்மேலேயே கோபம். மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முதலில் அங்கே போங்கள் என்றேன். ஒரு பழைய பேட்டரிக்காக அவரிடம் அப்படிக் கெஞ்சியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். குரலில் உயிர் வந்திருந்தது.

"எடுத்துட்டு மதினி. வேற பேட்டரில இருந்து கரண்டு குடுத்து எடுத்தாரு. நல்லா ஓடுது. ஆனா இப்ப அணைச்சிரப்படாதாம், அணைச்சா மறுபடி எடுக்காதாம். ரொம்ப நேரம் ஓடணுமாம். அவரு போய்ட்டாரு. நான் உள்ளயே உக்காந்து செபமாலை சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"சொல்லு. எனக்கும் சேத்துச் சொல்லு" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆபீசில் யாரோ ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, செங்கடலில் ஒரு கப்பலை அடித்துவிட்டார்கள் என்றார். எந்தக் கப்பல் என்று செய்தியில் இல்லை. எந்தக் கம்பெனி என்றும் இல்லை. ஒரு சரக்குக் கப்பல், அவ்வளவுதான். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு ஒரே நினைப்புதான் இருந்தது: இது நாத்தனாருக்குத் தெரியக் கூடாது, தெரிவதற்குள் நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணினேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. தெரிந்துவிட்டது, எங்கேயோ விழுந்து கிடக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் காற்று என்றால் காற்று. உப்பளத்துப் பக்கம் திரும்பியதும் ஸ்கூட்டியைச் சாய்த்துத் தள்ளியது. மண்ணும் உப்புமாகக் கண்ணில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இயேசுவேயில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. குசினியில் யாரும் இல்லை. தையல் மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஷெட்டிலிருந்து எஞ்சின் சத்தம் சீராக வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, ஓடுகிறது என்று. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. இரண்டு எட்டு வைத்த பிறகுதான் ஷெட் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தேன்.

தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. காற்று கதவைத் தள்ளித் தள்ளித் திறந்திருக்கும். உப்பு உள்ளே வந்தால் அண்ணன் திட்டுவான் என்று சாத்தித் தாழைப் போட்டுவிட்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு செபமாலையை எடுத்திருக்கிறாள். நான் அங்கே இருந்திருந்தால் நாற்றம் நாற்றம் என்று கத்தித் திறந்து போட்டிருப்பேன்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே எஞ்சின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் விரலை நுழைக்கப் பார்த்தேன். விரல் என்ன, நகம் நுழைய இடமில்லை. மூக்கை வைத்தேன், நாற்றம்கூட வெளியே வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பாவி மனிதர் ஒரு பொட்டு வெளிச்சம் விடாமல் அடைத்திருக்கிறார். தண்ணீர் உள்ளே போகாத இடத்திலிருந்து புகை எப்படி வெளியே வரும்? அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினேன். என் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறவர். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்தார், திரும்பி ஓடிப் போய் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். முதலில் சுவர்ப் பலகையில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. தோணிக்காரன் வேலை. கடலில் இருபது வருஷம் பிரியாத பலகை கடப்பாரைக்கா பிரியும்? பிறகு கதவின் கீல் பக்கம் நெம்பினார். கீல் துருப்பிடித்திருந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தத் துருதான். ஒரே அடியில் கழன்று கதவு சாய்ந்தது.

உள்ளேயிருந்து சூடாக ஒரு மூச்சு என் முகத்தில் வந்து மோதியது. "அக்கா, மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க" என்று அவர் சொன்னது கேட்டது. ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து அவள் தூங்குகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். செபமாலை விரலில் சுற்றியிருந்தது. கன்னம் நல்ல சிவப்பு. அவ்வளவு சிவப்பாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. இரண்டு பேருமாக இழுத்து வெளியே மண்ணில் போட்டோம். கன்னத்தில் தட்டினேன். தட்டினேன் என்ன, அறைந்தேன். "ஏளா, மூச்சு விடு. மூச்சு விடுளா." வெகுநேரம் கழித்து நெஞ்சு ஏறி இறங்கியது மாதிரி இருந்தது. மூக்கில் கை வைத்தேன். இருந்தது. மெலிசாக, இருந்தது.

அவர் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவளை முன் சீட்டில் என் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எஞ்சின் புகை ரத்தத்தில் ஏறிவிட்டது, கன்னச் சிவப்பும் அதனால்தான் என்று சொல்லி ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வேண்டாம், சொல்லாதீர்கள் என்றேன். அந்த இரவு எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. ஒரு பக்கம் இவள் மூச்சு, இன்னொரு பக்கம் பேசாத என் போன். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபைப் பாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் விரலிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருந்த செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. சும்மா வைத்துக்கொண்டேன்.

விடிந்து காபிக்காரர் வரும் நேரத்தில் போன் அடித்தது.

"தாண்டியாச்சு" என்றார். கரகரவென்று, தூரத்திலிருந்து, அவருடைய குரல்தான். அடிபட்டது வேறு கப்பல். "எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க எப்படி இருக்கிய? வண்டி ஸ்டார்ட் ஆவுதா?"

நான் அழுதேன். அழுது முடிக்கும்வரை என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னேன்.  

"கப்பல்ல மூடிக்கெடக்க டேங்குக்குள்ள இறங்கணும்னா காத்தைச் சோதிக்காம ஒருத்தரையும் விட மாட்டோம்" என்றார். "போர்டே எழுதி மாட்டியிருக்கும். தினம் பாக்கேன். வீட்டுல அது நெனப்புக்கு வரலியே." பெரிய மனிதர் குழந்தை மாதிரி விம்மினார். "நான் அவளுக்குப் பெட்டி செஞ்சு வச்சுட்டு வந்திருக்கேனே."

"அவ நல்லா இருக்கா. நீங்க வந்து சேருங்க" என்றேன். 

அவள் பத்து மணி வாக்கில் முழித்துக்கொண்டாள். முகத்தில் மாட்டியிருந்ததை நானே கொஞ்சம் விலக்கினேன். அண்ணன் பேசினான், தாண்டிவிட்டான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. பிறகு உதட்டை அசைத்தாள். காதை வைத்துக் கேட்டேன்.

"வண்டிய அணைச்சிட்டியளா?"

 முந்தின நாள் அவளைக் காரிலிருந்து இழுக்கும்போது என் கை சாவியில் பட்டது. திருப்பினால் நிற்கும். லாரிக்காரர் பின்னாலிருந்து, "அணைங்க அக்கா, அணைங்க" என்று சொன்னார். என் கண் முன்னால் இவள் சாகக் கிடக்கிறாள், இவளைக் கொல்லப் பார்த்தது அந்த எஞ்சின். அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அணைத்தால் மறுபடி எடுக்காது. அவர் வந்தால் எதில் வருவார்? கையை எடுத்துக்கொண்டேன். லாரி கிளம்பும்போது லாரிக்காரர் வீட்டம்மா, "நான் போயி அணைச்சிரட்டா" என்று கேட்டதற்கு, தொடாதே, கதவுதான் போய்விட்டதே, பிள்ளைகளை மட்டும் கிட்டே விடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பெட்ரோல் தீரும்வரை அது தனியே ஓடி, தானாக நின்றதாம்.

"இல்லளா. அணைக்கல" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். நாசரேத்து வாத்தியார் மகளைப் பார்த்தாள். சிரிக்க முயன்று இருமினாள்.

"நீங்களா மதினி?"

"பேசாம மூச்சை விடு" என்று மூடியை மறுபடி மாட்டினேன்.

அவர் வந்தார். காரில்தான் வந்தார். மெக்கானிக் அண்ணாச்சி ஓட்ட, நானும் நாத்தனாரும் பின்னால் உட்கார்ந்து போய்க் கூட்டிவந்தோம். வந்த மறுநாளே உளியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்திருந்த பஞ்சை எல்லாம் ஒவ்வொரு இடுக்காகத் தோண்டி எடுத்துப் போட்டார். யாரோடும் பேசாமல் அந்த வேலையைச் செய்தார். கதவை மறுபடி மாட்டவில்லை. இப்போது ஷெட்டுக்குள் வெயில் கோடு கோடாக விழுகிறது, உப்பும் தாராளமாக வருகிறது. காருக்குக் கீழ்ப்பக்கம் துரு ஏறிவிட்டது. ஏறட்டும்.

அவர் மறுபடியும் கப்பலேறிவிட்டார். எந்த வழி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகும்போது வண்டியைப் பற்றி ஓர் உத்தரவும் போடவில்லை. வேண்டுமானால் விற்றுவிடு என்றுகூடச் சொன்னார்.

நாத்தனாரை அதன் பக்கமே நான் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானே போய் உட்கார்ந்து சாவியைப் போடுகிறேன். அவள் வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எஞ்சின் எடுக்கிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.